டெக்கிலிருந்து கணிப்பொறிக்கு

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் ஊர் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பொருள்களுள் வீடியோ கேசட்டும் ஒன்று. தகரப் பெட்டியில் போட்டோ, பழைய புடவையில் சுற்றியோ, கல்யாண ஆல்பத்தோடு சேர்த்தோ வைத்திருப்பார்கள். எறிய மனம் வராது; போட்டுப் பார்க்கவும் வழியிராது. 1980களிலும் 1990களிலும் திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் தோளில் காமிராவோடு ஒருவரும், கையில் பெரிய விளக்கோடு ஒரு பையனும் வந்துவிடுவார்கள். அவர்கள் பிடித்த படம் சில வாரங்களில் வி.எச்.எஸ். கேசட்டாக வீடு வந்து சேரும். டிவியையும் டெக்கையும் நாள் வாடகைக்கு எடுத்து, கூடவே இரண்டு சினிமா கேசட்டும் வாங்கிவந்து, தெருவே கூடி விடியவிடியப் பார்த்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த டெக்கைப் புதிதாக வாங்க இன்று வழியில்லை. வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வெளியிட்டது. நாற்பது ஆண்டு கழித்து, 2016 ஜூலையில், கடைசியாக டெக் செய்துவந்த பூனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, காந்த நாடாவில் இருப்பவற்றை 2025-க்குள் இலக்கமுறைக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதியை மீட்க இயலாது போகும் என எச்சரித்தது. அந்தக் கெடு நம்மை எட்டிவிட்டது. நாடா கெடுகிறது என்பது ஒருபுறம். நாடாவை ஓட்டும் எந்திரமும், எந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த கையும் அருகி வருகின்றன என்பதே அதைவிடப் பெரிய கவலை.

ஆகவே டெக்கைக் கணிப்பொறியோடு இணைத்துப் படத்தைக் கோப்பாக மாற்றும் முறையை அறிந்துகொள்வது நம்மில் பலருக்கும் பயன்படும். ஒரு வயரைச் செருகினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. செருகினால் படம் வரும், ஐயமில்லை. ஆனால் பத்து நிமிடம் போனதும் உதடு அசைவது ஒரு நேரம், சொல் கேட்பது ஒரு நேரம் என்றாகும். படத்தின் மேற்புறம் காற்றில் கொடிபோல் வளையும். இடையிடையே திரை கறுக்கும். இத்தனைக்கும் அதே கேசட் பழைய டிவியில் ஒழுங்காகவே ஓடும். ஏன் இப்படி? இதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமே விளங்கும்.

நாடாவில் படம் பதியும் விதம்

நாடாவின் அகலம் 12.65 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். நம் நாட்டு முறையில் அது டெக்கினுள் நொடிக்கு 23.39 மி.மீ. வேகத்தில் நகர்கிறது. பாட்டுக் கேட்கும் சாதாரண ஆடியோ கேசட்டே நொடிக்கு 47.6 மி.மீ. ஓடும். ஒலிக்குச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் போதும். படத்துக்கோ பல இலட்சம் ஹெர்ட்ஸ் வேண்டும். அப்படியிருக்க, ஆடியோ நாடாவின் பாதி வேகத்தில் ஓடும் நாடாவில் படம் எப்படிப் பதிகிறது?

சூட்சுமம் உருளையில் இருக்கிறது. கேசட்டைப் போட்டதும் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அப்போதுதான் டெக் நாடாவை வெளியே இழுத்து, சற்றே சாய்ந்து நிற்கும் ஓர் உருளையைச் சுற்றி அரை வட்டத்துக்குச் சற்று மேலாக அணைக்கிறது. உருளையின் விட்டம் 62 மி.மீ. அது நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் 'ஹெட்' எனப்படும் இரண்டு காந்தத் தலைகள் உள்ளன. ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு கீற்றை எழுதிச் செல்கிறது. ஒரு கீற்றின் நீளம் ஏறத்தாழ 10 செ.மீ.; அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மி.மீ.யில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கீற்றில் அரைப் படம்தான் இருக்கும்: முதல் கீற்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். நொடிக்கு 50 கீற்று, ஆக 25 முழுப் படம். நாடா மெல்ல நகர்ந்தாலும் ஹெட் அதன்மேல் நொடிக்கு 4.85 மீட்டர் ஓடுகிறது. மூன்று மணி நேரக் கேசட்டின் கீற்றுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீட்டினால் 52 கிலோமீட்டர் வரும். எழும்பூரில் தொடங்கினால் செங்கற்பட்டை நெருங்கிவிடலாம்!

படத்தின் வெளிச்சம் அதிர்வெண் பண்பேற்றம் செய்யப்பட்டுப் பதிகிறது. வரிகளைப் பிரித்துக் காட்டும் ஒத்திசைவுத் துடிப்பின் அடிமட்டத்துக்கு 3.8 மெகா ஹெர்ட்ஸ். முழு வெண்மைக்கு 4.8 மெகா ஹெர்ட்ஸ். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. வகுத்துப் பாருங்கள். மணப்பெண்ணின் சேலைச் சரிகை மின்னும் இடத்தில், நாடாவில் ஓர் அலையின் நீளம் வெறும் 1 மைக்ரான். ஒரு தூசித் துகள் எத்தனை அலைகளை மறைத்துவிடும் என்பதை எண்ணிக்கொள்ளலாம். நிறத்தின் கதை வேறு. 4.43 மெகா ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய நிறச் சைகையை 627 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பதிகிறார்கள். அந்தச் சிறிய இடத்துக்குள் நிறத்தின் நுட்பம் அடங்குவதில்லை. கேசட் படத்தில் சிவப்பு நிறம் சேலையின் கரையை மீறி வழிவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

எல்லாச் சிக்கலும் நேரத்தால் வருவது

இனி மையமான செய்திக்கு வருவோம். நமது பால் முறைத் தொலைக்காட்சியில் ஒரு படத்துக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படம். ஆக ஒரு வரிக்குரிய நேரம் 64 மைக்ரோ விநாடி. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ விநாடி. நாடாவோ பாலியெஸ்டர்; வெயிலில் நீளும், இழுத்தால் நீளும். உருளையின் சுழற்சியும் எந்நேரமும் ஒரே சீராக இராது. எனவே ஒரு வரி சற்று முந்தி வரும், அடுத்த வரி சற்றுப் பிந்தி வரும். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால், 50 செ.மீ. அகலமுள்ள திரையில் அந்த வரி ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி விழும்.

பழைய டிவி இதை எப்படிச் சமாளித்தது? எங்கள் பக்கம் நடவு வயலில் முன்பாட்டுக்காரி இழுத்துப் பாடினால் பின்பாட்டுக்காரிகளும் இழுப்பார்கள்; அவள் முடுக்கினால் இவர்களும் முடுக்குவார்கள். பாட்டு கெடாது. படக்குழாய் டிவி அப்படிப் பின்பாட்டுப் பாடும் கருவி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் ஒத்திசைவுத் துடிப்பைப் பார்த்துத் தன் எலெக்ட்ரான் கற்றையை நகர்த்திக்கொள்கிறது. கணிப்பொறியில் செருகும் கருவியோ கடிகாரத்தைப் பார்த்துப் பாடுகிறது. அதனுள்ளே இருக்கும் சில்லு, 1982-இல் உலகெங்கும் ஏற்கப்பட்ட விதிப்படி, நொடிக்கு 1 கோடியே 35 இலட்சம் முறை சைகையை அளக்கிறது. ஒரு வரிக்கு 864 அளவீடு. அதில் படத்துக்கு உரியவை 720. இந்தக் கணக்கு 64 மைக்ரோ விநாடி என்னும் சீரான வரிக்காகப் போட்டது. வரி சீராக வராவிட்டால் சில்லு தடுமாறுகிறது. தடுமாற்றம் மிகும்போது, அந்தப் படத்தையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது.

படம் விடுபட்டாலும் ஒலி விடுபடுவதில்லை. ஒலி வேறொரு கடிகாரத்தின்படி நொடிக்கு 48,000 அளவீடாகத் தன்பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருக்கும். 500 படங்களுக்கு ஒன்று விடுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 90,000 படம், விடுபட்டவை 180. நொடிக்கு 25 வீதம் அது 7.2 விநாடி. தாலி கட்டியபின் கெட்டிமேளம் 7 விநாடி கழித்துக் கேட்டால் எப்படியிருக்கும்!

இதற்கு மருந்து நேரத்திருத்தி. வருகிற வரியை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் 64 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாகச் சீராக வெளியே விடுவது இதன் வேலை. தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய நேரத்திருத்திகள் நம் கைக்கு எட்டாதவை. ஆனால் அதே வேலையைச் செய்யும் சுற்றுகள் வேறு சில பொருள்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஜே.வி.சி., பானசோனிக் நிறுவனங்களின் உயர்ரக எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் நேரத்திருத்தி உள்ளேயே உண்டு. பானசோனிக் டி.எம்.ஆர். ஈ.எஸ்.10, ஈ.எஸ்.15 என்னும் டி.வி.டி. ரிக்கார்டர்களை இடையில் வைத்தால், தட்டில் எதையும் பதியாமலே, ஒரு புறம் வாங்கிய படத்தை மறுபுறம் சீராக்கி அனுப்பிவிடும். சோனியின் டிஜிட்டல்-8 காமிராக்களில் சிலவற்றையும் இவ்வாறு பயன்படுத்துவோர் உண்டு. பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் தேடினால் இவை தட்டுப்படும். விற்பவருக்கு அதன் அருமை தெரியாமலிருப்பது நமக்கு நல்லது!

இணைக்கும் முறை

ஆக, டெக், நேரத்திருத்தி, பதிவுக் கருவி, கணிப்பொறி என்பதே வரிசை. டெக்கின் பின்னால் ஏரியல் வயர் செருகும் துளை இருக்கும். அதன்வழிப் படம் எடுக்கக் கூடாது. அங்கே படமும் ஒலியும் மறுபடி ஊர்தி அலையில் ஏற்றப்பட்டு வருவதால் தரம் குறைந்துவிடும். மஞ்சள் நிறத் துளையில் படமும், சிவப்பு வெள்ளைத் துளைகளில் ஒலியும் எடுக்க வேண்டும். சில பழைய டெக்குகளில் ஒலிக்கு ஒரே துளைதான் இருக்கும், கவலையில்லை. எஸ்-வீடியோ என்னும் நாலு ஊசித் துளை இருந்தால் மஞ்சளை விட அதுவே மேல். வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வரும்.

பதிவுக் கருவி விரல் நீளமே இருக்கும், யு.எஸ்.பி.யில் செருகுவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் தொல்லை என்னவெனில், வெளித்தோற்றமும் பெயரும் ஒன்றாயிருக்க, உள்ளே சில்லு வெவ்வேறாக இருக்கும். ஒன்று நன்றாக வேலை செய்யும். அதைப் பார்த்து வாங்கிய அடுத்தது செய்யாது. வாங்குமுன் ஓட்டிப் பார்த்து வாங்குவதே வழி.

மென்பொருளில், முதலாவதாகப் பால் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவிலுள்ள உறவினர் அனுப்பிய கேசட்டானால் அது என்.டி.எஸ்.சி. முறை, 525 வரி. அதற்கேற்ற டெக்கும் வேண்டும். படப்புள்ளி 720-க்கு 576. சுருக்காமல் பதிந்தால் நொடிக்கு 720 × 576 × 25 × 2 = 2 கோடியே 7 இலட்சம் பைட்; மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகா பைட். தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்யுவ், எஃப்.எஃப்.வி.1 போன்ற முறைகள் இதைப் பாதி அளவுக்குக் குறைக்கும். இவற்றுக்கு விர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருள்களே போதும். பதியும்போதே சிறிதாகச் சுருக்கிவிடும் ஆசை வரும். அதற்கு இடங்கொடுக்கலாகாது. நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது. கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் சுருக்கலாம்.

ஒற்றை, இரட்டை வரிகளை ஒன்றாக்கும் வேலையையும் பதியும்போது செய்யக் கூடாது. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னர் ஓய்வாக, நொடிக்கு 50 படமுள்ள நகல் ஒன்றை உறவினர்களுக்காக ஆக்கலாம். கணிப்பொறித் திரையில் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்தாற்போல் நெளியும். ஒரு ஹெட் முடித்து மறு ஹெட் தொடங்கும் இடம் அது. பழைய டிவியில் சட்டத்துக்குப் பின்னே மறைந்திருந்தது, இங்கே தெரிகிறது, பழுது அன்று. எங்கள் ஊர்ப் பக்கத்து நகரத்தில் கேசட் மாற்றித் தரும் கடை ஒன்றில், இந்த நெளிவை மறைக்கப் படத்தையே நாற்புறமும் பெரிதாக்கி வெட்டிக் கொடுக்கிறார்கள். ஓரத்தில் நின்ற சித்தப்பா பாதி முகத்தோடு வருகிறார். மேலும் கீழும் சிறு கறுப்புப் பட்டை போட்டால் போதுமே!

கேசட்டும் ஹெட்டும்

கேசட்டைத் தொடுமுன் அதன் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒடித்துவிட வேண்டும். அது இல்லாத கேசட்டில் டெக் எதையும் புதிதாகப் பதியாது. கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. அடுத்து, கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாய்ப் பொடியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களிலும் ஓதம் ஏறும் வீடுகளிலும் இது மிகுதி. அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கேசட்டைப் பிரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியிடையே நாடாவை ஓட்டித் துடைக்க வேண்டும். ஒரு கேசட்டுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு சுற்றிய குச்சியைப் பயன்படுத்துவோர் பலர். பஞ்சு நூல் ஹெட்டில் சிக்கினால் ஹெட் முறியும். எங்கள் ஊரில் முன்பு டெக் ரிப்பேர் செய்துவந்த பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டித்தந்த முறை இது: வெள்ளைத் தாளில் ஒரு துண்டை அதே ஆல்கஹாலில் நனைத்து, உருளையின்மேல் இலேசாக வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்புறத்தைச் சுற்ற வேண்டும். தாளை மேலும் கீழும் இழுக்கவே கூடாது. தாளில் பழுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை தாளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அவரிடம் இன்னும் இரண்டு டெக் இருக்கின்றன. ஒன்றின் ரப்பர் உருளை கல்லாய் இறுகிவிட்டதால், மற்றதே ஓடுகிறது.

ஒலி இருக்கும் இடம்

இதுவரை படத்தையே பேசினேன். கேசட் மாற்றுவோர் பலரும் அவ்வாறே படத்தையே கவனிக்கிறார்கள். ஆனால் சாதாரணக் கல்யாணக் கேசட்டில் ஒலி, உருளையின் ஹெட்டால் பதிவதில்லை. அது நாடாவின் மேல் விளிம்பில் 1 மி.மீ. அகலத்தில் நேர்கோடாக, அசையாத தனி ஹெட்டால், 23.39 மி.மீ. என்னும் அந்த நத்தை வேகத்திலேயே பதிகிறது. நாடா மடிந்தால் முதலில் மடிவது விளிம்பு. பூஞ்சை முதலில் பிடிப்பதும் விளிம்பு. படம் பிழைத்து ஒலி மட்டும் போன கேசட்டுகள் உண்டு. படத்தில் ஆளைப் பார்க்கிறோம், பேச்சில்லை.

என் பெற்றோரின் திருமணக் கேசட்டில் என் தாத்தா 11 விநாடி பேசுகிறார். விளக்குப் பிடித்த பையனைப் பார்த்து, "அங்கிட்டுத் திருப்புய்யா, கண்ணு கூசுது" என்கிறார். பிறகு யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். நான் பிறக்குமுன்பே அவர் காலமாகிவிட்டார். கைநாட்டு வைத்தவர். படித்த குடும்பங்களில் தாத்தாவின் கடிதம் இருக்கும், நாட்குறிப்பு இருக்கும், கையெழுத்திட்ட புத்தகம் இருக்கும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவன் நான். எனக்கு முந்தியவர்கள் எழுதி வைத்தது என்று ஒரு வரி கிடையாது. இருப்பது அந்த விளிம்பில் நாடாவின் கால் மீட்டர்தான். ஒலி ஹெட்டின் சாய்வைத் திருத்தும் சிறு திருகு ஒன்று உண்டு. பெரியவர் அதை மயிரிழை அளவு திருப்பியதும், கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்த குரல் தெளிந்தது. கணிப்பொறியில் ஏற்றியபின் அப்பாயி அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். கூப்பிட்டது தன் தம்பியை என்று சொன்னார்.

ஆகவே, பதியத் தொடங்குமுன் காதில் ஹெட்போன் வைத்து, பேச்சு நடக்கும் இடமாகப் பார்த்து ஒலியைச் சரிசெய்துகொள்வது நல்லது. நாதசுரத்தை வைத்து ஒலியின் அளவை வைத்தால் பேச்சு அமுங்கும். பேச்சை வைத்து வைத்தால் நாதசுரம் உடையும். நான் நாதசுரத்தின் உச்சத்தை வைத்தே அளவைக் குறிப்பேன். அமுங்கியதைப் பிறகு உயர்த்தலாம், உடைந்தது உடைந்ததுதான்.

புதிய வழி ஒன்று

நம் துறை மாணவர்கள் விரும்பக்கூடிய செய்தி ஒன்று உண்டு. டெக்கின் மஞ்சள் துளைக்கே போகாமல், ஹெட்டிலிருந்து வரும் பண்பேற்றப்பட்ட அலையை, பெருக்கியை அடுத்த சோதனைப் புள்ளியிலேயே பிடித்து அப்படியே இலக்கமாக்கிவிடுவது அது. பண்பிறக்கம், நிறம் பிரித்தல், நேரம் திருத்தல் யாவும் மின்சுற்றுக்குப் பதில் கணிப்பொறியில் கணக்காகவே நடக்கும். வி.எச்.எஸ். டிகோட் என்னும் இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. 4.8 மெகா ஹெர்ட்ஸும் அதற்கு மேலே பக்கப் பட்டைகளும் உள்ள அலையைப் பிடிக்க அதன் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டுமல்லவா? பழைய டிவி அட்டைகள் சிலவற்றில் இருக்கும் கோனெக்ஸன்ட் சில்லு நொடிக்கு 2 கோடியே 86 இலட்சம் மாதிரி எடுப்பதால் அதையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நாடாவில் உள்ளது முழுவதும் கோப்புக்கு வந்துவிடுவதால், நாளை இன்னும் நல்ல கணக்குமுறை வந்தால், டெக் இல்லாமலே மறுபடி படத்தை எடுக்கலாம். ஆனால் டெக்கைத் திறந்து பற்றவைக்க வேண்டும், கோப்பும் மிகப் பெரிது, பொறுமை வேண்டும்.

ஆய்வகத்தில் உள்ள அலைகாட்டியில் அந்தச் சோதனைப் புள்ளியைப் பார்க்கப் பேராசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வீட்டில் கேசட் வைத்திருக்கும் நண்பர்கள் இயற்பியல் துறையில் என்னைக் காணலாம். பெரியவரின் டெக் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டானால் எங்கும் ஓட்டிப் பார்க்காமல், உறையோடு அப்படியே கொண்டுவாருங்கள். படத்தில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் எவரேனும் வீட்டில் இருந்தால், அவருக்கு ஒரு நாள் ஒழித்து வைக்கச் சொல்லுங்கள்; பெயர்களை உடனுக்குடன் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வேண்டும்.